குருதி காட்டும் கணக்கு

மாமல்லபுரத்துக் குன்றின்மீது ஒரு கலங்கரை விளக்கம் நிற்கின்றது. அதற்கு அருகிலேயே, அதனினும் பல நூற்றாண்டுகள் மூத்த கற்றளி ஒன்றும் உள்ளது. ஒலக்கணேசுவரர் கோயில் என்பது அதன் பெயர். இன்றைய விளக்கம் எழுவதற்கு முன்னர், அக்கோயிலின் உச்சியே கப்பல்களுக்கு விளக்கேற்றும் மேடையாகப் பயன்பட்டது. விளக்கு கடலில் உள்ள பாறையைப் பெயர்த்து எறிவதில்லை. அலையை அடக்குவதும் இல்லை. பாறை இருக்கும் திசையை மாலுமிக்கு அறிவிக்கின்றது, அவ்வளவே. ஆயினும் அவ்வறிவிப்பினால் பிழைத்த உயிர்கள் எத்தனையோ!

அக்குன்றிலிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் சென்றால் கல்பாக்கம் வரும். செங்கற்பட்டிலிருந்து வருவோர் திருக்கழுக்குன்றம் வழியாக அதனை அடைவர். டச்சுக்காரர் கோட்டை கட்டி வாணிகம் செய்த சதுரங்கப்பட்டினம் அதன் அண்டையூர். அணு ஆராய்ச்சிக்கென அங்கே 1971-இல் ஒரு மையம் தொடங்கப்பெற்றது. அதுவே இன்று இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் என வழங்குகின்றது. சென்னை அணுமின் நிலையத்தின் முதல் உலை 1983-இல் அங்கு இயங்கத் தொடங்கியது. மின்னாற்றலையும் புதிய அறிவையும் தரும் அவ்விடத்தில், எந்த விளக்கொளியாலும் காட்ட இயலாத பாறை ஒன்றும் உண்டு. கதிர்வீச்சு என்பதே அது. அது கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, உடலில் படும்போது வலிப்பதும் இல்லை. அதனைக் காட்டும் விளக்கு எது? மனிதனின் குருதியே அவ்விளக்கு எனின் வியப்புத் தோன்றலாம். ஆயினும் அது மெய்.

இம்மெய்யை உலகம் தெளிவாக உணர்ந்துகொள்ள உதவியவர்களுள் விண்வெளி வீரர்களும் அடங்குவர். ஆதலின் சற்றே வானை நோக்குதல் நலம்.

விண்மீன்களுக்கு இடையே பரந்த வெளியிலிருந்து இடையறாது பாய்ந்து வரும் துகள்களுக்குக் காஸ்மிக் கதிர்கள் என்பது பெயர். விக்டர் எசு என்னும் ஆஸ்திரிய அறிஞர் பலூனில் உயரச் சென்று 1912-இல் அவற்றை உணர்ந்தறிந்தார். நிலத்தில் வாழ்வோருக்குக் காற்று மண்டலம் ஒரு பெருங்குடையாகக் கவிந்து நின்று அவற்றைத் தடுக்கின்றது. மண், கல், காற்று, காஸ்மிக் கதிர் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் ஒரு மனிதன் இயற்கையாகப் பெறும் கதிர்வீச்சு, உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லி சீவர்ட் ஆகும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வாழ்பவரோ அக்குடைக்கு மேலே இருக்கின்றார். அவர் ஒரு நாளிலேயே ஏறத்தாழ அரை முதல் முக்கால் மில்லி சீவர்ட் வரை பெறுகின்றார். இவ்வுலகில் ஓர் ஆண்டில் பெறுவதனை அவர் அங்கே ஐந்து நாட்களுக்குள் பெற்றுவிடுகின்றார் என்பது இதனால் விளங்கும். 2025 சூன் 25-ஆம் நாள் புறப்பட்ட இந்திய வீரர் சுபான்சு சுக்லா, அந்நிலையத்தில் 18 நாட்கள் தங்கிச் சூலை 15-ஆம் நாள் திரும்பினார். அவ்வளவு நாட்களுக்கு ஏறத்தாழ 10 மில்லி சீவர்ட் எனக் கணக்கிடலாம். ஆறு திங்கள் தங்குவோருக்கு அது 100 மில்லி சீவர்ட் அளவை எட்டும்.

இக்கதிர்கள் உடலில் என்ன செய்கின்றன? மனித உயிரணுவினுள் பொதுவாக 46 குரோமோசோம்கள் உள்ளன. நிறமேற்றினால் கோல் கோலாகத் தோன்றுவதால் அவற்றை நிறக்கோல்கள் என்றும் கூறுவர். பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் பண்புகள் யாவும் அவற்றிலேயே பொதிந்துள்ளன. ஒவ்வொரு குரோமோசோமுக்கும் மெல்லிய இடை போன்ற ஓர் ஒடுக்கம் உண்டு. கதிர் ஊடுருவும்போது குரோமோசோம் ஒடிதல் கூடும். ஒடிந்ததை உயிரணு தானே ஒட்டிக்கொள்ளும் ஆற்றல் உடையது. பெரும்பாலும் செவ்வனே ஒட்டிவிடுகின்றது. சிற்சில வேளைகளில் மட்டும், இருட்டில் சட்டைக்குப் பொத்தான் மாட்டுபவன் துளை மாற்றி மாட்டிவிடுவதுபோல, ஒரு குரோமோசோமின் துண்டு மற்றொன்றோடு மாறி ஒட்டிக்கொள்கின்றது. இடையுடைய இரு துண்டுகள் ஒன்று சேர்ந்தால், இரண்டு இடைகளைக் கொண்ட விந்தையான குரோமோசோம் ஒன்று தோன்றும். அதனை ஈரிடைக் குரோமோசோம் எனலாம். கதிர்வீச்சு தன் கைப்பட இட்ட ஒப்பம் போன்றது அது. கதிர் மிகுதியாகப் படாத ஒருவரின் குருதியில் ஏறத்தாழ ஆயிரம் வெள்ளணுக்களுக்கு ஒன்றிலேயே அது காணப்படும். கதிர்வீச்சு மிக மிக, அவ்வெண்ணும் மிகும். எத்தனை உள்ளன என எண்ணினால், உடல் எவ்வளவு கதிரை ஏற்றது என்பதைப் பின்னோக்கிக் கணித்துவிடலாம்.

எண்ணும் முறையும் அறிந்து மகிழத்தக்கது. சிறிதளவு குருதியை எடுத்து, அதிலுள்ள வெள்ளணுக்களை உடலின் வெப்பநிலையிலேயே வளர்ப்பர். உறங்கிக் கிடக்கும் அவ்வணுக்களைப் பிளவுறத் தூண்டுவது, சமையலறையில் பலரும் அறிந்த ராஜ்மா அவரையின் விதையிலிருந்து எடுக்கப்பெறும் ஒரு பொருள். ஏறத்தாழ 48 மணி நேரம் வளர்ந்தபின், அணுக்கள் பிளக்கும் அந்த நொடியிலேயே அவற்றை நிறுத்தி வைக்க வேண்டும். அதற்குப் பயன்படுவது கோல்சிசீன் என்னும் நஞ்சு, அல்லது அதன் இனத்தைச் சேர்ந்த மருந்து. தமிழ்நாட்டின் மாநில மலராகிய செங்காந்தளின் கிழங்கிலும் விதையிலும் அமைந்துள்ள நஞ்சும் இதுவே. பின்னர் அணுக்களைக் கண்ணாடித் தகட்டில் பரப்பி, நிறமேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்து, ஒவ்வோர் அணுவாகப் பார்த்து எண்ணுவர். ஐந்நூறு, ஆயிரம் என எண்ணினாலன்றி முடிவு கூற இயலாது. பொறுமையே இக்கலையின் முதற்கருவி.

விண்வெளிப் பயணத்தின் தொடக்கக் காலத்திலேயே இவ்வாய்வு தொடங்கிவிட்டது. 1965-இல் அமெரிக்காவின் செமினி 3 கலத்தில் மனிதக் குருதியை அடைத்து அனுப்பி, அங்கேயே அதன்மீது கதிர்வீச்சுப் படச் செய்தனர். அதே அளவு கதிர்வீச்சை நிலத்தில் வைத்த குருதிக்கும் அளித்தனர். விண்ணில் சென்ற குருதியில் முறிவுகள் சற்று மிகுதியாகத் தோன்றின. எடையற்ற நிலையும் கதிர்வீச்சும் சேர்ந்தால் தீமை மிகுமோ என ஐயம் எழுந்தது. அடுத்த ஆண்டு செமினி 11 கலத்தில் மீண்டும் சோதித்தபோது அம்மிகுதி காணப்படவில்லை. முதல் எண்ணிக்கை எழுப்பிய ஐயத்திற்கு இரண்டாம் எண்ணிக்கை விடை கூறியது. பின்னர் விண்வெளி நிலையத்தில் பல திங்கள் தங்கிய வீரர்களிடம், பயணத்திற்கு முன்னும் பின்னும் குருதி எடுத்து எண்ணினர். பயணத்திற்குப் பின் குரோமோசோம் மாற்றங்கள் மிகுந்திருந்தமை ஐயமின்றிப் புலனாயிற்று. 2015-16-இல் 340 நாட்கள் விண்ணில் வாழ்ந்த இசுகாட் கெல்லியின் குருதியும், நிலத்தில் இருந்த அவருடைய இரட்டையர் மார்க் கெல்லியின் குருதியும் ஒப்பிடப்பெற்றன. குரோமோசோமின் பகுதிகள் தலைகீழாகத் திரும்பி ஒட்டிக்கொள்ளும் மாற்றம் விண்ணில் மிகுந்தது என 2019-இல் வெளிவந்த அவ்வாய்வு தெரிவித்தது.

இங்கே கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. விண்வெளி வீரருக்கு அவருடைய பழைய குருதியே அளவுகோல். பயணத்திற்கு முன் எண்ணி வைத்த கணக்கு இருப்பதனால்தான், பின்னர் வந்த மாற்றத்தை உறுதியாகக் கூற முடிகின்றது. அவர் தம் வாழ்நாள் முழுவதும் 600 மில்லி சீவர்ட்டுக்கு மேல் பெறலாகாது என அமெரிக்க விண்வெளி நிறுவனம் 2022-இல் வரம்பு வகுத்தது. ஒருவரைக் கதிர் நிறைந்த இடத்திற்கு அனுப்புமுன் அளப்பதும், திரும்பியபின் அளப்பதும், அளந்ததை அவருக்கே கூறுவதும் நாகரிக உலகின் கடமை. இதனை மறுப்பார் இலர்.

ஆனால், கதிர் நிறைந்த இடம் விண்வெளி ஒன்றுதானா?

கல்பாக்கத்தில் 2003 சனவரி 21-ஆம் நாள் நடந்தது நினைவில் வைக்கத்தக்கது. பயன்படுத்திய எரிபொருளைப் பிரித்தெடுக்கும் ஆலையில், குறைந்த கதிரியக்கமுள்ள கழிவின் மாதிரியை எடுத்துவர ஊழியர்கள் சென்றனர். தடுக்கிதழ் ஒன்று பழுதுற்று, மிகு கதிரியக்கக் கழிவு அங்கே வந்து சேர்ந்திருந்ததை அவர்கள் அறியார். அதனை உணர்த்தும் எச்சரிக்கைக் கருவியும் அவ்விடத்தில் அமைக்கப்பெறவில்லை. ஆறு பேர் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். அவர்கள் பெற்ற அளவு 280 முதல் 420 மில்லி சீவர்ட் வரை என அறிவிக்கப்பெற்றது. கதிர்ப்பணியாளர் ஒருவர் ஓர் ஆண்டில் பெறத்தக்க உச்ச அளவாக நம் நாட்டில் விதிக்கப்பெற்றது 30 மில்லி சீவர்ட். ஆகவே ஒன்பது மடங்குக்கும் மேலாக அவர்கள் பெற்றனர். விண்வெளி நிலையத்தில் ஓராண்டு வாழ்பவர் சிறிது சிறிதாகப் பெறுவதனைக் காட்டிலும் மிகுதியான அளவை, அவர்கள் தம் ஊரிலேயே, ஒரு வேலையின்போதே பெற்றுவிட்டனர். விண்வெளி வீரர் இடர் இன்னதென்று அறிந்து சென்றார். இவர்களோ அறியாமல் சென்றனர்.

கதிர்ப்பணியாளர்கள் மார்பில் ஒரு வில்லை அணிகின்றனர். அவ்வில்லை ஏற்ற கதிரின் அளவைக் குறித்த காலத்தில் கணித்துப் பதிந்து வைக்கின்றனர். நல்ல ஏற்பாடு அது. ஆயினும் அணிந்தால்தான் வில்லை பேசும். மேசை அறையில் மறந்து வைத்த வில்லை, மேசை பெற்ற கதிரையே கூறும். குருதியை எவரும் வீட்டில் மறந்து வைத்துவிட்டு வர இயலாது. மேலும், வில்லையே இல்லாத ஏழைகளும் கதிர்வீச்சுக்கு ஆளாதல் உண்டு. 2010-இல் தில்லி மாயாபுரியில், கோபால்ட் அடங்கிய பழங்கருவி ஒன்று பழைய இரும்போடு இரும்பாக விற்கப்பெற்றது. அதனை உடைத்த கூலித் தொழிலாளர்கள் அது இன்னதென அறியார். ஒருவர் உயிர் துறந்தார், பலர் நோயுற்றனர். அவர்கள் எவ்வளவு கதிரை ஏற்றனர் என்பதை எந்த வில்லையும் கூற இயலவில்லை. அவர்களுடைய குருதியே அக்கணக்கைக் கூறியது.

இத்தகைய எண்ணிக்கைக்கு வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. கல்பாக்கத்து ஆராய்ச்சி மையத்திலும், சென்னைப் போரூரிலுள்ள ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்திலும் குருதியின் குரோமோசோம்களைக் கொண்டு கதிர்வீச்சை அளக்கும் ஆய்வுகள் நடந்துள்ளன. கலை கைவசம் இருக்கின்றது. அதன் பயன் எல்லார்க்கும் சென்று சேர்தலே வேண்டுவது.

இதற்குச் சிலர் தடை கூறுவர். “எண்ணத் தொடங்கினால் மக்கள் அஞ்சுவர், அறியாமல் இருப்பதே அமைதி” என்பது ஒரு தடை. இது பொருந்தாது. எண்ணிக்கை அச்சத்தை வளர்ப்பதும் உண்டு, தணிப்பதும் உண்டு. தோரியம் அடங்கிய மோனசைட் மணல் கேரளத்துக் கொல்லம் கடற்கரையில் மிகுந்துள்ளது. கல்பாக்கத்துக் கடல்மணலிலும் அது ஆங்காங்கே காணப்படுகின்றது. கொல்லம் கரையில் தலைமுறை தலைமுறையாக வாழும் மக்களுக்குத் தீங்கு நேர்ந்திருக்குமோ என்னும் ஐயம் நெடுநாள் நிலவியது. அப்பகுதியில் பிறந்த பதினாயிரத்திற்கும் மேற்பட்ட குழந்தைகளின் குருதியை ஆராய்ந்து 1999-இல் முடிவு வெளியிட்டனர். மணலில் கதிர் மிகுந்த ஊர்க் குழந்தைகளுக்கும் ஏனைய ஊர்க் குழந்தைகளுக்கும் குரோமோசோம் பிறழ்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆயிரம் சொற்பொழிவுகளால் தீராத அச்சம் ஓர் எண்ணிக்கையால் தணிந்தது. ஈரிடைக் குரோமோசோம் ஒன்றைக் கண்டவுடன் நோய் வந்துவிட்டது என்று கொள்ளுதலும் தவறு. அதனை உடைய அணு பிளவுறும்போது பெரும்பாலும் அழிந்துபோகும். துண்டுகள் இடம் மாறி ஒட்டிய அணுக்கள் சில நெடுநாள் நிலைக்கும். அவை மிகுந்தால் பிற்காலத்தில் புற்றுநோய் தோன்றும் வாய்ப்புச் சிறிது மிகும். எண்ணிக்கை ஒரு தீர்ப்பன்று, எச்சரிக்கை.

“சிறிய அளவு கதிரை இம்முறை காட்டாதே” என்பது மற்றொரு தடை. இதில் உண்மை உண்டு. ஏறத்தாழ 100 மில்லி சீவர்ட்டுக்குக் குறைந்த அளவை ஈரிடைக் குரோமோசோம்களை எண்ணி உறுதி கூறுதல் அரிது. ஆகவே நாள்தோறும் எல்லாரையும் குத்திக் குருதி எடுக்க வேண்டும் என்பது கருத்தன்று. அன்றாடப் பணிக்கு வில்லை போதும். ஆனால் இடர் நேர்ந்தபின் எண்ணும்போது, முன்னைய கணக்கு ஒன்று கையில் இருத்தல் வேண்டும். மேலும் ஈரிடைக் குரோமோசோம்கள் நெடுங்காலம் நில்லா. சில திங்கள் முதல் சில ஆண்டுகளுக்குள் அவை பாதியாகக் குறைந்துவிடும். மணலில் எழுதிய எழுத்தை அலை வருமுன் படித்தாக வேண்டும் அன்றோ? காலம் தாழ்த்தி எண்ணுவது, கப்பல் உடைந்தபின் விளக்கேற்றுவதை ஒக்கும்.

“செலவு மிகும்” என்பது மூன்றாவது தடை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது பழமொழி. கல்பாக்கத்தில் 1983-இல் முதல் உலை இயங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்னரே, அவ்வட்டாரத்து மண்ணையும் கடல்நீரையும் மீனையும் எடுத்து, அவற்றில் இயற்கையாக உள்ள கதிரியக்கத்தை அளந்து குறித்து வைத்தனர். உலை வந்தபின் மாற்றம் நேர்ந்தால் அறிவதற்கு அதுவே அளவுகோல். முன்னறிவோடு செய்த நற்செயல் அது. மணலுக்கும் மீனுக்கும் முற்கணக்கு எழுதிய நாடு, மனிதனுக்கு எழுதச் செலவை எண்ணித் தயங்கலாமா?

ஆகவே செய்யத்தக்கவை மூன்று. இடர் மிகுந்த கதிர்ப்பணியில் ஒருவர் சேரும் நாளிலேயே, அவர் குருதியின் குரோமோசோம் கணக்கை ஒருமுறை எடுத்து வைத்தல் வேண்டும். அவர் அறிவியலறிஞராயினும் சரி, உலைக்கூடத்தில் துப்புரவு செய்யும் ஒப்பந்தத் தொழிலாளியாயினும் சரி, குழாய்ப் பற்றவைப்பைக் கதிர் கொண்டு சோதிப்பவராயினும் சரி, இதில் வேறுபாடு கூடாது. இடர் நேர்ந்ததாக ஐயம் எழுந்தால், காலம் தாழ்த்தாமல் மீண்டும் எண்ணுதல் வேண்டும். எண்ணிக் கண்டதை, அவருக்கு விளங்கும் தாய்மொழியில் எழுதி அவர் கையிலேயே கொடுத்தல் வேண்டும். குருதி அவருடையது, அதில் எழுதிய கணக்கைப் படிக்கும் உரிமையும் அவருடையதே.

நம் நாட்டு வீரரை நம் நாட்டுக் கலத்திலேயே விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டம் வகுக்கப்பெற்றுள்ளது. அவ்வீரர் செல்லுமுன்னும் வந்தபின்னும் அவருடைய நலத்தை அறிய நாடே ஆவலோடு இருக்கும், அது முறையே. அதே நாளில், செங்கற்பட்டிலிருந்து விடியற்காலைப் பேருந்தில் ஏறிக் கல்பாக்கத்து வேலைக்குச் செல்லும் ஒரு தொழிலாளியும் இருப்பார். அவரை எவரும் மாலையிட்டு வரவேற்பதில்லை. ஆயினும் கதிருக்கு வீரர் என்றும் தொழிலாளி என்றும் வேறுபாடு தெரியாது. இருவர் உடலிலும் உள்ளவை அதே 46 குரோமோசோம்கள்.

மாமல்லபுரத்து விளக்கு, வருவது பெரிய கப்பலா, மீனவரின் சிறு படகா என்று பார்த்து ஒளி வீசுவதில்லை. இரண்டுக்கும் ஒரே ஒளியைத்தான் அது தருகின்றது. அறிவியலின் ஒளியும் அவ்வாறே எல்லார்க்கும் பொதுவாதல் வேண்டும்.